ஃப்ளிப் கிளாக் ரேடியோவைத் திருத்தப்போய்க் கெடுக்கும் விதங்கள்

போன வாரம் தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி பழைய ஃப்ளிப் கிளாக் ரேடியோ ஒன்றைச் சீலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். எண் எழுதிய சின்னத் தகடுகள் ஒவ்வொன்றாக விழுந்து மணி காட்டும் ரேடியோ அது. "அண்ணே, மணி பிந்திப் பிந்தி ஓடிச்சு. மோட்டர் இறுகியிருக்கும்னு ஸ்ப்ரே ஒயில் அடிச்சேன். இப்ப ஒண்ணும் விழுதே இல்ல." சீலையைப் பிரிக்கும் முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் செய்ததும் இதே கூத்துதான்.

திருகாணிகளைத் தொலைக்காதீர்கள், எந்த வயர் எங்கே போகிறது என்று படம் எடுத்து வையுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

220 என்று இருந்தால் போதும் என நம்புவது

என் முதல் பெட்டியை ஹட்டனில் ஒரு பழைய சாமான் கடையில் 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். எண்பதுகளில் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன ஒரு அக்கா கொண்டுவந்ததாம். தோட்டப் பக்கம் அகப்படும் இந்த மாதிரிப் பெட்டிகள் ஒன்று பழைய துரை பங்களாவிலிருந்து வரும், இல்லாவிட்டால் இப்படி வளைகுடாவிலிருந்து வந்திருக்கும். பின்பக்கத்து வோல்டேஜ் திருகு 220இல் நின்றது. நம் வீட்டுக் கரண்ட் 230. சரி, பயமில்லை என்று பிளக்கைச் செருகினேன். டயல் விளக்கு எரிந்தது. தென்றல் எஃப்எம் தெளிவாகக் கேட்டது. நிமிடத் தகடு ஒன்று 'டக்' என்று விழுந்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இரவு பத்துக்குச் சரியாக மணி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகும் ஆட்களின் பேச்சுச் சத்தத்தில்தான் கண் விழித்தேன். கைபேசியில் மணி 6. பெட்டியில் 4:40.

குளிரில் பழைய கிரீஸ் இறுகிவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். இந்த ஊரில் எது கெட்டாலும் குளிர்மேல் பழிபோடுவது வசதி. மோட்டரின் தகர மூடி விளிம்பை மடித்து அடைத்தது, கழற்றுவதற்காகச் செய்ததல்ல. அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். உள்ளே பச்சரிசி அளவில் பற்சக்கரங்கள். ஒன்று தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போனது. இரண்டு நாள் தேடி எடுத்தபோது அதில் இரண்டு பல் இல்லை. மோட்டருக்காகவே 6,000 ரூபாய் கொடுத்து இன்னொரு உடைந்த பெட்டி வாங்கினேன். அதைப் பொருத்தும்போதுதான் மணிக்கூட்டுச் சட்டத்தின் அடியில், பாசி பிடித்தது போன்ற அழுக்குக்குள், சின்ன நெம்புபிடி ஒன்று கண்ணில் பட்டது. ஒரு பக்கம் 50, மறுபக்கம் 60. பிடி 60இல் நின்றது. நகத்தால் தள்ளினேன், வேலை முடிந்தது. இதை எழுதும்போதும் எரிச்சலாக வருகிறது.

விஷயம் இதுதான். இந்தப் பெட்டிகளில் இருப்பது சிங்க்ரனஸ் மோட்டர். அது வோல்டேஜைப் பார்த்து ஓடுவதில்லை; கரண்ட் ஒரு விநாடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்பதை எண்ணி ஓடுகிறது. இலங்கையில் 50 ஹெர்ட்ஸ். சவூதியிலும் அமெரிக்காவிலும் 60. அறுபதுக்குச் செய்த மணிக்கூட்டை ஐம்பதில் ஓட்டினால் மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும், ஒரு நாளில் நாலு மணித்தியாலம். அமெரிக்கப் பெட்டிக்கு ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வாங்கிவைத்தால் 230, 120 ஆகும், ஹெர்ட்ஸ் அசையாது. 60 ஹெர்ட்ஸ் சுருள் 50இல் கூடுதலாகக் கரண்ட் இழுத்துச் சூடாகவும் செய்யும்.

அதனால் மோட்டரைத் தொடும் முன் கைபேசியை வைத்து ஒரு மணித்தியாலம் பாருங்கள். பெட்டியில் சரியாக 50 நிமிடம் போயிருந்தால் மோட்டருக்கு நோய் இல்லை. இறுகிய சிங்க்ரனஸ் மோட்டர் நின்றுவிடும், அல்லது விட்டுவிட்டு உதறும். நாள் முழுக்க ஒரே கணக்கில் மெதுவாக ஓட அதற்குத் தெரியாது. ஒரு மணிக்கு 3 நிமிடம், அடுத்த மணிக்கு 12 என்று தாறுமாறாகப் பிந்தினால்தான் பல்லையும் தகட்டையும் சந்தேகப்பட வேண்டும். அதிலும் முதலில் 59இலிருந்து 00க்கு மாறும் இடத்தைப் பாருங்கள். மணித் தகட்டையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் சுமை அங்கேதான் கூடும்.

பிடி எல்லாப் பெட்டியிலும் இருக்காது. வாங்கும்போதே பின்பக்க ஸ்டிக்கரில் 50 இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 60 என்றால் ரேடியோவுக்காக வாங்குங்கள், மணிக்காக வாங்காதீர்கள்.

ஜப்பானுக்குள் விற்ற பெட்டி

ஜப்பானின் கிழக்கில் 50, மேற்கில் 60 என்பதால் ஹெர்ட்ஸ் மாற்ற வழி இருக்கலாம். ஆனால் வோல்டேஜ் 100, எஃப்எம் 76இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். நம் நிலையங்கள் 88க்கு மேலே.

முதல் தடவையே நேராகக் கரண்ட் கொடுப்பது

வருடக்கணக்கில் ஈரத்தில் கிடந்த பெட்டியின் கப்பாசிட்டர் எந்த நிலையில் இருக்கும் என்று வெளியிலிருந்து தெரியாது. 40 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில் போட்டு, அதாவது பல்பு வழியாகவே பெட்டிக்குக் கரண்ட் போகும்படி, கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட். இன்னொன்று, ரேடியோவை ஓஃப் செய்தாலும் மணிக்கூட்டு மோட்டருக்குக் கரண்ட் போய்க்கொண்டேதான் இருக்கும். கை வைக்க வேண்டுமானால் பிளக்கைக் கழற்றியே ஆகவேண்டும்.

தின்னர்

தகட்டைத் தின்னரால் துடைத்தால் எழுத்து அழியும். என் பெட்டியில் 7 இல்லாத ஒரு வருடத்தை ஓட்டியிருக்கிறேன்.

மணியைப் பின்னோக்கித் திருப்புவது

வேண்டாம். தகடு மடங்கும்.

அடுப்புக்கு மேலே காய வைப்பது

புகையில் மஞ்சளாகும், சூட்டில் வளையும். ஒரு டப்பாவில் அரிசியோடு போட்டு மூடிவைப்பதைவிட, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் நாலு நாள் திறந்து வைத்தாலே போதும்.

ஸ்ப்ரே ஒயில்

தம்பியின் கதைக்கு வருகிறேன். ஸ்ப்ரே அடித்தால் ஒயில் மோட்டரோடு நிற்பதில்லை, தகடுகளுக்கிடையில் ஊர்ந்துபோகும். ஈரத்தில் இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டுவது போலத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு விழாது. அவருடைய பெட்டியில் நிமிடத் தகடுகள் மட்டும் 60. பஞ்சுக் குச்சியில் சவர்க்காரத் தண்ணீர் தொட்டு, பிழிந்து, ஒவ்வொன்றாக ஒத்தியெடுக்க வேண்டும். தேய்த்தால் எழுத்துப் போகும். ஒரு பின்னேரத்தில் 38 முடித்தோம். மிச்சம் 22ஐயும் ஞாயிற்றுக்கிழமை வந்து அவரே துடைக்கிறார். தேநீர் மட்டும் என் செலவு.