பள்ளிப் பை: எடையைத் திட்டுகிறோம், வாரைக் கவனிப்பதில்லை

காலையில் பெங்களூரின் அல்சூர் பக்கம் வேனுக்காக நிற்கும் பிள்ளைகளைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பை இடுப்புக்கும் கீழே இறங்கித் தொங்கும். அதற்கு ஈடுகொடுக்க உடம்பு முன்னால் சாயும், கழுத்து இன்னும் முன்னால் நீளும். கேட்டால், "ஸ்கூல்ல புக்ஸ் ஜாஸ்தி" என்போம். உண்மைதான். ஆனாலும் பாதிக் கோளாறு பையின் வாரில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய எந்தப் பள்ளியிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மாட்டிக் கழற்ற வசதி என்று பிள்ளைகளே வாரைத் தளர்த்திவிடுகிறார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு அது ஸ்டைலும்கூட. பை கீழே இறங்க இறங்க, எடை முதுகை விட்டு விலகிப் பின்பக்கம் இழுக்கும். வாரை இழுத்துக் கட்டினால் பை முதுகோடு ஒட்டி நிற்க வேண்டும். அதன் அடிப்பாகம் இடுப்பளவில் இருக்கட்டும், மிஞ்சிப் போனால் நாலு அங்குலம் கீழே. ஒற்றைத் தோளில் மாட்டும் பழக்கத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள்; ஒரு பக்கம் சாய்ந்து நடப்பது பிறகு வழக்கமாகிவிடும்.

"வளர்ற பிள்ளைதானே, ரெண்டு வருஷம் வரட்டும்" என்று பெரிய பையாக வாங்குவது நம் வீடுகளில் சகஜம். யூனிஃபார்முக்கு அது சரி, பைக்குச் சரிப்படாது. முதுகைவிட அகலமான பை நடக்கும்போது ஆடும். இடம் இருக்கிறதே என்று சாமானும் சேரும்.

அப்புறம் எடை. கர்நாடக அரசு 2019-லேயே வரம்பு சொல்லிவிட்டது: 1, 2-ஆம் வகுப்புக்கு 1.5 முதல் 2 கிலோ, 3 முதல் 5 வரை 2–3 கிலோ, 6 முதல் 8 வரை 3–4 கிலோ, 9, 10-க்கு 4–5 கிலோ. பிள்ளையைப் பையோடு ஒரு தடவை, பையில்லாமல் ஒரு தடவை எடை மெஷினில் நிறுத்துங்கள். வித்தியாசம்தான் பையின் எடை. அது பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு அரசு சொன்ன வரம்பில் பாதி அதிலேயே போய்விடுகிறது, பாட்டிலின் எடை தனி. பள்ளியில் நல்ல குடிநீர் இருந்தால் அரை லிட்டர் கொடுத்தனுப்புங்கள், அங்கே நிரப்பிக்கொள்ளட்டும். டைம்டேபிள் பார்த்து ராத்திரியே பையை ஒழித்துவிட்டு அடுக்குங்கள். போன வாரத்து ஒர்க்‌ஷீட்டும் காலி டப்பாவும் அடியிலேயே கிடக்கும். தடித்த புத்தகங்கள் முதுகை ஒட்டிய அறையில் போக வேண்டும்.

ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறவர்கள், பின்சீட்டுப் பிள்ளையின் முதுகில் பையை மாட்டி உட்கார வைக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அது பின்னால் இழுக்கும். முன்னால் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பையால் முதுகெலும்பே நிரந்தரமாகக் கோணிவிடும் என்ற பயமுறுத்தலுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. தோள்வலியும் கழுத்துவலியும் உண்மை. சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது தோளில் வார் அழுந்திய சிவந்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள். கை மரத்துப்போகிறது, விரல் குறுகுறுக்கிறது என்று பிள்ளை சொன்னால் தைலம் தடவிச் சமாளிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.