நண்பர்களோடு கியோட்டோவில் ஒரு மாதம்: வீடெடுத்துக் குடித்தனத்தைத் தொடங்குவது எப்படி?

வெளிநாட்டுக்கு நண்பர்களோடு ஒரு வாரம் போய் வருவதும், அங்கே ஒரு மாதம் தங்குவதும் ஒன்றல்ல. ஒரு வாரப் பயணத்தில் அறையைப் பூட்டிவிட்டு நாள் முழுதும் ஊர் சுற்றலாம். ஒரு மாதம் என்றால் அரிசி தீரும், அழுக்குத்துணி சேரும், குப்பை நிறையும், பால் வாங்கி வருவது யார் முறை என்ற கேள்வி தினமும் எழும். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை எல்லோரும் தயாரித்துவிடுகிறார்கள். வீட்டை நடத்துவதைப் பற்றிப் பெரும்பாலோர் யோசிப்பதில்லை, மனக்கசப்பு தொடங்குவதும் அங்கேதான். முதல் வாரத்தில் குடித்தனத்தை அமைத்துவிட்டுப் பிறகு கோயில்களைப் பார்க்கப் போங்கள் என்பதே என் யோசனை. ஜப்பானின் கியோட்டோ நகரில் நான்கு நண்பர்கள் வீடெடுத்துத் தங்குவதாக வைத்துக்கொண்டு, முதன்முறை செல்வோருக்காக இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: வீட்டைத் தேர்ந்தெடுத்தல்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசா பெற்றே செல்ல வேண்டும். சுற்றுலா விசாவில் சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. விசாவுக்குத் தங்குமிடத்தின் விவரம் தேவைப்படும் என்பதால், வீட்டைத் தேடுவதே முதல் வேலையாகிறது.

வாடகையைப் பார்ப்பதற்கு முன் உரிமத்தைப் பாருங்கள். 2018 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பதிவு செய்த தனியார் வீடுகள் ஆண்டுக்கு 180 நாட்கள் மட்டுமே விருந்தினரை ஏற்கலாம். கியோட்டோ நகரம் இதை மேலும் இறுக்கி, குடியிருப்புக்கென்றே ஒதுக்கப்பட்ட பகுதிகளில் பொதுவாக ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை மட்டும் அனுமதிக்கிறது. ஆகவே அக்டோபரில் ஓர் அமைதியான குடியிருப்புத் தெருவில் மலிவாக ஒரு வீடு கிடைத்தால், அதற்கு இந்த நாள் வரம்பு இல்லாத விடுதி உரிமம் இருக்கிறதா என்று கேட்டு, உரிம எண்ணைப் பெற்ற பிறகே பணம் கட்டுங்கள். இரவுக்கு, ஆளுக்கு இவ்வளவு என்று நகரம் வசூலிக்கும் தங்கும் வரி வாடகையில் அடங்கியிருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

மச்சியா எனப்படும் பழைய மர வீடுகள் மிக அழகானவை. ஆனால் அவற்றின் மாடிப்படிகள் செங்குத்தானவை. அறைகளைப் பிரிப்பது காகிதமோ மெல்லிய மரமோ பதித்த நகர்த்துக் கதவுதான். குறட்டை விடுபவரும் லேசான சத்தத்துக்கே விழித்துக்கொள்பவரும் ஒரே குழுவில் இருந்தால், இதை வீடு பிடிக்கும்போதே பேசிக்கொள்வது நல்லது. சலவை இயந்திரம், அரிசி குக்கர், நடந்துபோகும் தொலைவில் ஒரு பேரங்காடி, ஒரு ரயில் நிலையம் ஆகிய நான்கும் இருந்தால் மற்றவற்றைச் சமாளித்துவிடலாம். என்னைக் கேட்டால், கமோ ஆறும் தகானோ ஆறும் கூடும் தெமாச்சியனாகிப் பக்கம் வீடு தேடச் சொல்வேன். அங்கிருந்து ஒசாகாவுக்கு நேரடி ரயில் இருக்கிறது, பக்கத்திலேயே மசுகதா என்ற பழைய கடைத்தெரு இருக்கிறது, மாலையில் உட்கார ஆற்றங்கரையும் இருக்கிறது.

படி 2: பெட்டியில் வைப்பதும் விடுவதும்

ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட். பிளக்கில் இரண்டு தட்டை முனைகள் மட்டுமே இருக்கும். நம் வீட்டு மிக்ஸி, மின்சாரக் கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. அங்கே அவை சரியாக இயங்கா, எடுத்துச் செல்ல வேண்டாம். கைபேசி, மடிக்கணினி சார்ஜர்களின் முதுகில் 100–240 வோல்ட் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தால் அவை இயங்கும். ஆளுக்கொரு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு ஒன்று என்றால் இரவு பதினோரு மணிக்குத் தகராறு நிச்சயம்.

இறைச்சியும் இறைச்சி கலந்த உணவுப்பொருள்களும் கூடாது. பச்சைக் கறிவேப்பிலை, காய், பழம் போன்றவற்றுக்குப் புறப்படும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் தேவை என்பதால், அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுவதே உத்தமம். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி முதலியவற்றைக் கடையில் அடைத்த உறை பிரிக்காமல் வையுங்கள். மருந்தில் கூடுதல் கவனம் தேவை. சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுவரக் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்தையும் விசாரிக்காமல் எடுக்க வேண்டாம். மருத்துவர் எழுதித் தரும் மருந்தை ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுபோவதானால், ஜப்பான் அரசிடம் முன்கூட்டியே அனுமதிச் சான்று பெற வேண்டும். தினசரி மாத்திரை சாப்பிடும் நண்பர் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கக் கூடாது.

படி 3: பொதுப் பணப்பை

செலவை யார் செய்தாலும் பிறகு கணக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது பெருந்தன்மையாகத் தோன்றும். இரண்டாவது வாரத்தில் அதுவே சுமையாகிவிடும். முதல் நாளே ஆளுக்கு 10,000 யென் போட்டு ஒரு பொதுப் பணப்பையைத் தொடங்குங்கள். அரிசி, எண்ணெய், பால், சோப்புத்தூள், குப்பைப்பை போல எல்லோரும் பயன்படுத்துபவை அதிலிருந்து; மது, நொறுக்குத்தீனி, தனியாகச் சாப்பிடும் சாப்பாடு அவரவர் கையிலிருந்து. குழுவில் சைவர் இருந்தால் மீனும் இறைச்சியும் பொதுப் பையில் சேருமா என்பதை அன்றே வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். அவர் பெரும்பாலும் தானாகக் கேட்க மாட்டார்; ஆகவே மற்றவர்கள்தான் கேட்க வேண்டும்.

ரொக்கம் எடுக்க, செவன் இலெவன் கடைகளிலுள்ள ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கின்றன. மிகச் சிறிய நோட்டே 1,000 யென். அதற்குக் கீழே எல்லாம் நாணயங்கள் என்பதால் ஒரு சில்லறைப் பர்ஸ் கட்டாயம் தேவை. கடையில் பணத்தைக் கல்லாவுக்கு முன்னுள்ள சிறு தட்டில் வையுங்கள். மீதி பெரும்பாலும் அதே தட்டில்தான் வரும். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. உணவை வாங்கிக்கொண்டு போனால் வரி 8 சதவீதம், கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம். 2020 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைக்குத் தனிக் காசு என்பதால் துணிப்பையை மறக்காதீர்கள்.

படி 4: முதல் நாள்

கான்சாய் விமான நிலையத்திலிருந்து ஹருகா ரயிலில் கியோட்டோவுக்குச் சுமார் 80 நிமிடங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் காலணிகளை வாசலின் தாழ்ந்த பகுதியிலேயே விட்டுவிட்டு மேலேறுங்கள். அந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. புதிதாகப் பழக வேண்டியது, பாய் விரித்த அறைக்குள் செருப்போடு மட்டுமல்ல, வீட்டுக்குள் போடும் ஸ்லிப்பரோடும் போகக் கூடாது என்பதும், கழிவறை ஸ்லிப்பர் கழிவறையோடு நிற்க வேண்டும் என்பதும்தான்.

ஜப்பான் நேரம் இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை ஏழு மணி என்றால் உடம்புக்கு அதிகாலை மூன்றரை. அன்று எந்த இடத்தையும் பார்க்கத் திட்டமிடாமல், நால்வரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்து வாருங்கள். பேரங்காடி, மருந்துக்கடை, ஏடிஎம், கோபான் எனப்படும் சிறு காவல் நிலையம், நிலநடுக்கத்தின்போது கூட வேண்டிய இடம் ஆகியவற்றை எல்லோரும் கைபேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். காவல்துறைக்கு 110, தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் 119. கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

திசை பிடிபட ஒரு வழி உண்டு. 794ல் தலைநகராக அமைக்கப்பட்டபோதே இந்நகரின் தெருக்களைக் கட்டம் கட்டமாக வகுத்துவிட்டார்கள். வடக்கு, கிழக்கு, மேற்கு ஆகிய மூன்று பக்கமும் மலை. திறந்திருக்கும் பக்கம் தெற்கு. கமோ ஆறு நகரின் கிழக்குப் பாதியில் வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. சன்ஜோ, ஷிஜோ, கோஜோ என்று மூன்றாம், நான்காம், ஐந்தாம் தெருக்கள் தெற்கு நோக்கி வரிசையாக வரும். இவ்வளவு தெரிந்தால் கைபேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் வீடு வந்து சேரலாம்.

இணையத்துக்கு ஆளுக்கொரு இ-சிம் (அட்டையில்லாமல் கைபேசியிலேயே பதிந்துகொள்ளும் சிம்) வாங்குங்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரு வைஃபை கருவி என்றால் நால்வரும் நாள் முழுதும் ஒட்டிக்கொண்டே திரிய நேரும்.

படி 5: அடுப்படி

தினமும் வெளியில் சாப்பிட்டால் பணமும் கரையும், வயிறும் வாடும். குறைந்தது ஒரு வேளை வீட்டில் சமையுங்கள். அரிசி குக்கரோடு வரும் கப் 180 மில்லிலிட்டர் கொள்ளும். பாத்திரத்தின் உள்ளே உள்ள கோடுகள் அந்தக் கப் கணக்குப்படி ஜப்பானிய அரிசிக்குப் போடப்பட்டவை. தண்ணீர் தெளியும்வரை அரிசியைக் களைந்து, அரை மணி நேரம் ஊறவைத்து, கோடு வரை தண்ணீர் விட்டால் போதும். சோறு குழைவாக, ஒட்டும் பதத்தில் வரும். சாம்பாருக்கு அது சற்றுக் கனம். தயிர்ச்சோற்றுக்கு மிகப் பொருத்தம். சர்க்கரை சேராத தயிர் 400 கிராம் டப்பாவில் எந்தப் பேரங்காடியிலும் கிடைக்கும். உதிரி உதிரியாக வேண்டுமென்றால் கியோமு சூப்பர் கடைகளில் பாஸ்மதி தேடிப் பாருங்கள். துவரம்பருப்புக்கு ரயிலேறிக் கோபே போகலாம்: 1935ல் கட்டப்பட்ட மசூதியைச் சுற்றியுள்ள தெருக்களில் மளிகைக் கடைகள் இருக்கின்றன.

சைவ நண்பர் ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மிசோ சூப், உடோன் நூடுல்ஸ், வேகவைத்த காய்கறி என்று பார்வைக்குச் சைவமாகத் தெரியும் பலவற்றிலும் காய்ந்த மீன் சீவலில் இறக்கிய தாஷி என்ற சாறு இருக்கும். கடையில் விற்கும் ஜப்பானியக் கறிக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ கலந்திருப்பது சாதாரணம். பொட்டலத்தின் பின்புறத்தைக் கைபேசி மொழிபெயர்ப்புக் கேமராவில் காட்டிப் படித்த பிறகே கூடையில் போடுங்கள். டோஃபு, முட்டை, முட்டைக்கோஸ், கத்தரிக்காய், பூசணி ஆகியவற்றைக் கொண்டு ஒரு மாதம் ருசியாகவே ஓட்டலாம். கடை மூடும் நேரம் நெருங்கும்போது சமைத்த உணவின் மேல் பாதி விலைச் சீட்டு ஒட்டுவார்கள். அந்த நேரத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாளிக்கும் முன் காற்றுப்போக்கியைப் போட்டுவிடுங்கள். மர வீட்டில் கடுகு, மிளகாய் நெடி பாயிலும் படுக்கையிலும் ஏறி நிற்கும். புகை எச்சரிக்கைக் கருவியும் அலறக்கூடும். மீந்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல், காகிதத்தில் உறிஞ்ச வைத்து எரிக்கக்கூடிய குப்பையில் போடுங்கள்.

படி 6: குப்பை

வெளிநாட்டார் மீது அக்கம்பக்கத்தாருக்கு வருத்தம் உண்டாக்குவதில் முதலிடம் குப்பைக்குத்தான். கியோட்டோவில் எரிக்கக்கூடிய குப்பைக்கு நகரம் விற்கும் மஞ்சள் பை. கண்ணாடி பாட்டில், டப்பா, பெட் எனப்படும் பிளாஸ்டிக் பாட்டில், பிளாஸ்டிக் உறைகளுக்கு ஒளி ஊடுருவும் பை. இவை பேரங்காடியிலேயே கிடைக்கும். வேறு பையில் போட்டால் எடுக்க மாட்டார்கள். எரிக்கக்கூடிய குப்பை வாரம் இரண்டு நாள், மற்றவை வாரம் ஒருமுறை. எடுக்கும் நாளன்று காலை எட்டு மணிக்குள் வைக்க வேண்டும். முந்தின இரவே வைத்தால் காக்கைகள் பையைக் கிழித்துத் தெருவெங்கும் இறைத்துவிடும். பையின் மேல் வலை போர்த்தியிருப்பது அதற்காகத்தான்.

விடுதி உரிமம் பெற்ற வீடுகளில் குப்பையை அகற்றுவது நடத்துபவரின் பொறுப்பு. அங்கே அவர் சொல்கிறபடி பிரித்து வைத்தால் போதும். எதுவானாலும் பெட் பாட்டிலை அலசி, மூடியையும் மேலுறையையும் கழற்றித் தனியாகப் போடும் பழக்கத்தை முதல் நாளே தொடங்குங்கள். இந்த வேலையை வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, பெயரைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டிவையுங்கள். தெருவில் குப்பைத்தொட்டி அரிதாகவே தென்படும். கையில் சேரும் குப்பையை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு சிறு பை வைத்திருங்கள்.

படி 7: பேருந்து, ரயில், குளியல்

ரயிலிலும் பேருந்திலும் கட்டணம் செலுத்த உதவும் இகோகா அட்டையை நிலைய இயந்திரத்தில் 2,000 யென் கொடுத்து வாங்கலாம். அதில் 500 யென் முன்வைப்பு. ஒரு அட்டையில் இருவர் ரயில் வாயிலைக் கடக்க முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். நகரப் பேருந்தில் பொதுவாகப் பின்கதவில் ஏறி, இறங்கும்போது முன்னால் ஓட்டுநர் அருகே கட்டணம் செலுத்த வேண்டும். நகரின் மையப் பகுதிக்குள் எங்கே இறங்கினாலும் பெரியவர்களுக்கு 230 யென். கட்டணப் பெட்டி மீதி தராது என்பதால், 1,000 யென் நோட்டு வைத்திருப்பவர் அதிலேயே உள்ள மாற்றும் துளையில் முதலில் சில்லறை மாற்றிக்கொள்ள வேண்டும். இறங்கும் நிறுத்தம் வரும்வரை காத்திராமல், சிவப்பு விளக்கில் நிற்கும்போதே மாற்றிவிட்டால் பின்னால் வரிசை நிற்காது. கியோமிசு கோயில் பக்கம் போகும் பேருந்துகளில் நெரிசல் அதிகம். சுரங்க ரயிலில் போய்ச் சற்று நடப்பதையே நான் சிபாரிசு செய்வேன். ரயிலுக்குள் கைபேசியில் பேசுவதில்லை. நள்ளிரவையொட்டி ரயில்கள் நின்றுவிடும்.

வீட்டுக் குளியல் தொட்டியில் இறங்கும் முன், வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுதும் குளித்துவிட வேண்டும். தொட்டியிலுள்ள வெந்நீர் எல்லோருக்கும் பொது; முதலில் குளித்தவர் அதைத் திறந்துவிடக் கூடாது. சென்டோ எனும் பொதுக் குளியலறைகளிலும் இதே முறைதான். ஆண், பெண் பகுதிகள் தனித்தனி. உள்ளே உடையில்லாமல்தான் குளிக்க வேண்டும். முதல் நாள் கூச்சமாக இருக்கும். விருப்பமில்லாத நண்பரை வற்புறுத்த வேண்டாம். போய் வந்தவர் மறுநாளும் கிளம்புவார்.

படி 8: சேர்ந்திருக்கவும் பிரிந்திருக்கவும் நேரம்

வாரத்தில் ஒரு முழுநாளை அவரவர் தனியாகக் கழிக்கும் நாளாக முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் ஒருவர் தனியே போனால் அது கோபமாகப் படும். அறிவித்தால் அது ஏற்பாடு. வாரம் ஒருமுறை சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் உட்கார்ந்து பணப்பை, வேலை முறை, அடுத்த வாரப் பயணம் மூன்றையும் பேசுங்கள். வருத்தம் இருந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். இரவு பத்துக்கு மேல் குரலைத் தாழ்த்துங்கள். மர வீடுகள் நெருங்கி நிற்கும் சந்தில் நம் சிரிப்பு அடுத்த வீட்டாரின் தூக்கத்தைக் கலைக்கும். சந்தில் எதிர்ப்படும் முதியவருக்கு லேசாகத் தலை குனிந்து வணக்கம் சொன்னால், பத்தாவது நாள் குப்பைக் கிழமை மாறியதை அவரே வந்து சொல்வார்.

படி 9: கடைசி வாரம்

புதிதாக அரிசி, எண்ணெய் வாங்குவதை நிறுத்தி, இருப்பதைச் சமைத்து முடியுங்கள். கிளம்பும் நாளுக்கு முந்தைய குப்பை நாள் எது என்று பார்த்து எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். பொதுப் பணப்பையின் மீதியைக் கிளம்புவதற்கு முந்தின இரவே நாலாகப் பிரித்துவிடுங்கள். இகோகாவைத் திருப்பிக் கொடுத்தால் முன்வைப்பு 500 யென்னும் கிடைக்கும். ஆனால் அட்டையில் உள்ள மீதியிலிருந்து 220 யென் கட்டணமாகப் பிடிப்பார்கள். ஆகவே மீதியை நிலையத்துக் கடையில் தண்ணீர், பிஸ்கட் வாங்கிச் செலவழித்துவிட்டு, கான்சாய் விமான நிலையத்தின் ஜேஆர் ரயில் நிறுவன அலுவலகத்தில் அட்டையைக் கொடுங்கள். மறுபடி வரும் எண்ணம் இருந்தால் வைத்துக்கொள்ளவும் செய்யலாம். கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து பத்து ஆண்டுகள் அது செல்லும்.