முதல் பொருள் ரிவ்யூ எழுதுவது எப்படி? அதனால் வலைப்பதிவருக்கு என்ன கிடைக்கும்?

ஒரு பொருளின் பெயரோடு ‘வாங்கலாமா’ என்று சேர்த்துத் தேடுபவர், பணத்தைக் கையில் எடுத்துவிட்டவர். இப்படித் தேடி வருபவர்கள் எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் கடைசி வரி வரை படிப்பார்கள், சந்தேகம் கேட்பார்கள், அடுத்த முறை வாங்கும்போது உங்கள் பதிவையே தேடி வருவார்கள். ரிவ்யூ தரும் முதல் லாபம் இந்த வாசகர். உங்கள் இணைப்பு வழியே ஒருவர் வாங்கினால் கடை தரும் கமிஷன் இவர் பின்னால்தான் வரும். கமிஷனை முதலில் வைத்து எழுதினால் எல்லாப் பொருளும் ‘அருமை’ ஆகிவிடும், வாசகர் திரும்பி வரமாட்டார்.

படி 1: கையில் இருப்பதில் தொடங்குங்கள்

குறைந்தது ஒரு மாதம் நீங்களே பயன்படுத்திய பொருளை எடுங்கள். புது மாடல் வெளியாகும் நாளிலேயே பெரிய தளங்கள் எழுதிவிடும். அந்தப் போட்டி புதியவருக்கு வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஹெட்போன் குஷன் உரிந்ததா, சார்ஜர் பின் தளர்ந்ததா என்பதைச் சொல்ல ஆள் குறைவு. உங்களுக்கான இடம் அதுதான்.

படி 2: அளந்து பாருங்கள்

‘பேட்டரி நன்றாக நிற்கிறது’ என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. பவர் பேங்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெட்டியில் 10,000 எம்ஏஹெச் (மின்சாரத்தைச் சேமிக்கும் கொள்ளளவு) என்று இருக்கும். கேபிளுக்கு நடுவே மாட்டி, வெளியே வரும் மின்சாரத்தை அளக்கும் யூஎஸ்பி மீட்டரில் 6,300 அளவுக்குத்தான் காட்டும். உடனே ‘ஏமாற்று வேலை’ என்று எழுதிவிடாதீர்கள். பெட்டியில் உள்ளது உள்ளே இருக்கும் செல்லின் அளவு, அதாவது 3.7 வோல்ட் கணக்கு. 10,000 எம்ஏஹெச்சை 3.7 ஆல் பெருக்கினால் 37,000 மில்லிவாட்-மணி, அதாவது 37 வாட்-மணி. அதையே வெளியே வரும் 5 வோல்ட்டால் வகுத்தால் 7,400 எம்ஏஹெச். மின்னழுத்தத்தை உயர்த்தும் சர்க்யூட்டில் 10 முதல் 20 சதவீதம் வெப்பமாகப் போகும். ஆக 6,000 முதல் 6,600 வரை வந்தாலே பொருள் நல்ல பொருள்தான். இந்தக் கணக்கை விளக்கி எழுதும் ஒரு பத்திக்காகவே உங்கள் பதிவைப் பலர் மற்றவர்களுக்கு அனுப்புவார்கள்.

இந்தச் சோதனையில் வழக்கமாக இரண்டு தவறுகள் நேரும். ஃபாஸ்ட் சார்ஜ் ஓடும்போது மின்னழுத்தம் 9 வோல்ட்டுக்கு ஏறும். அப்போது எம்ஏஹெச் எண் குறைவாகத் தெரியும். அதனால் மீட்டரில் வாட்-மணியைப் பார்த்துக் குறியுங்கள். இன்னொன்று, போன் நிரம்பும் தறுவாயில் மின்சாரம் இழுப்பது மிகவும் குறைந்துவிடும். பல பவர் பேங்க்குகள் அப்போது தாமாகவே அணைந்துவிடும். தீர்ந்துவிட்டது என்று நினைத்து அங்கேயே முடிக்காமல், சார்ஜ் குறைந்த வேறொரு போனை மாட்டித் தொடருங்கள்.

எந்தப் பொருளானாலும் இப்படி இரண்டு மூன்று எண்களாவது உங்கள் சொந்த அளவீடாக இருக்கட்டும். 2021 ஏப்ரலில் ரிவ்யூக்களுக்கென்றே கூகுள் கொண்டுவந்த தரவரிசை மாற்றம், பயன்படுத்திப் பார்த்து எழுதிய பதிவுகளை மேலே கொண்டுவரத்தான் வந்தது.

படி 3: படம்

நிறுவனத்தின் படம் எல்லாத் தளத்திலும் இருக்கும். நீங்களே ஐந்தாறு படம் எடுங்கள். அதில் ஒன்று தேய்ந்த இடம், ஒன்று மீட்டர் அளவு. 1,200 பிக்சல் அகலம் போதும். சுருக்காமல் ஏற்றினால் பக்கம் திறக்க நேரமாகும்.

படி 4: எழுதும் வரிசை

தீர்ப்பை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். யாருக்கு இது பொருந்தும், யார் வாங்க வேண்டாம் என்பதும் அங்கேயே வரட்டும். பிறகு அளவீடுகள், அதன்பின் குறைகள். பெட்டியில் அச்சிட்ட விவரங்களை அப்படியே வரிசையாக ஒப்பிக்காதீர்கள். கடைப் பக்கத்தில் அது இருக்கிறது. விலையை எழுதினால் எந்தத் தேதியின் விலை என்பதையும் சேருங்கள்.

‘வாங்க வேண்டாம்’ என்ற பகுதியை நீக்கிவிடலாமா என்று தோன்றும். நீக்காதீர்கள். தவறான பொருளை வாங்கிவிடாமல் ஒருவரைத் தடுத்தால், அடுத்த முறை உங்கள் பேச்சை அவர் நம்புவார்.

படி 5: இணைப்பும் அறிவிப்பும்

அஃபிலியேட் இணைப்புகளுக்கு, அதாவது கமிஷன் தரும் இணைப்புகளுக்கு, அவற்றின் HTML குறியீட்டில் ‘ஸ்பான்சர்டு’ (rel="sponsored") குறிச்சொல் சேர்க்க வேண்டும். கூகுள் இதை 2019இல் அறிமுகப்படுத்தியது. கமிஷன் வரும் என்பதையும், பொருள் இலவசமாக வந்திருந்தால் அதையும் முதல் இணைப்புக்கு முன்பே எழுதுங்கள். பதிவின் அடியில் சின்ன எழுத்தில் போட்டால் வாசகர் கண்ணில் படாது.

அமேசானின் கமிஷன் திட்டமான அமேசான் அசோசியேட்ஸில் அவசரப்பட்டுச் சேர வேண்டாம். சேர்ந்த 180 நாளுக்குள் தகுதியான 3 விற்பனை நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். நீங்களே வாங்குவது கணக்கில் வராது. எட்டுப் பத்து ரிவ்யூக்கள் எழுதி, தேடல் வழியே வாசகர் வரத் தொடங்கிய பிறகு விண்ணப்பியுங்கள்.

படி 6: புதுப்பியுங்கள்

மூன்று மாதம் கழித்து ஒரு முறை, ஓராண்டு கழித்து ஒரு முறை பதிவைத் திறந்து, பொருள் இப்போது எப்படி இருக்கிறது என்று தேதியோடு சேருங்கள். மாடல் நின்றுபோனால் பதிவை அழிக்காதீர்கள். பழையதாக வாங்குபவர்களும் ரிப்பேர் பார்ப்பவர்களும் தேடி வருவார்கள். மேலே ஒரு வரியில் மாற்று மாடலைக் குறிப்பிட்டு, உடைந்த இணைப்பை மட்டும் எடுத்துவிடுங்கள்.