திருவல்லிக்கேணி பின்கோடு 600005: ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

பெரிய எண் எதுவானாலும் முதலில் அதைப் பகாக் காரணிகளாகப் பிரித்துவிடுங்கள். மற்ற குணங்கள் பெரும்பாலும் அதிலிருந்தே வந்துவிடும். ராமானுஜன் குடியிருந்த திருவல்லிக்கேணியின் பின்கோடு 600005-ஐயே எடுத்துக்கொள்வோம்.

775-இன் வர்க்கம் 600625. இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரிந்தால், இரண்டுமே 775-ஐத் தொட முடியாது. எனவே 774-க்கு மேல் சோதிக்கத் தேவையில்லை. ஒரு காரணி கிடைத்ததும் வகுத்துவிட்டால் இந்த எல்லையும் சுருங்கும்.

கடைசி இலக்கம் 5 என்பதால் 2-ஆல் வகுபடாது, 5-ஆல் வகுபடும். இலக்கங்களின் கூட்டல் 11, ஆகவே 3-உம் இல்லை. 5-ஆல் வகுத்தால் 120001.

அடுத்து 7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் பார்க்கலாம். 7 × 11 × 13 = 1001 என்பதுதான் இதற்குக் காரணம். வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக் கழியுங்கள்: 120 − 001 = 119. இது 7 × 17. 11-உம் 13-உம் அதில் போகாது. ஆக 7 உண்டு, மற்ற இரண்டும் இல்லை. 120001 ÷ 7 = 17143.

பலரும் சறுக்குவது இங்கேதான். 7 முடிந்தது என்று அடுத்த எண்ணுக்குத் தாவிவிடுகிறார்கள். அதே 7-ஐ மறுபடி போட்டுப் பாருங்கள்: 143 − 17 = 126 = 7 × 18. வகுபடுகிறது, கிடைப்பது 2449. மூன்றாம் முறை 449 − 2 = 447, மீதி 6. இனி 7 இல்லை.

50-இன் வர்க்கம் 2500, ஆகவே 2449-க்கு 47 வரை பார்த்தால் போதும். 17-க்கு மீதி 1 (அவசரத்தில் வகுபட்டதாக எழுதிவிடாதீர்கள், 17 × 144 = 2448). 19-க்கு மீதி 17, 23-க்கு 11, 29-க்கு 13. 31-இல் சரியாக 79 முறை போகிறது.

600005 = 5 × 7² × 31 × 79

245 × 2449 என்று பெருக்கிச் சரிபாருங்கள்.

இனி எல்லாம் சுலபம். 7-ஐ எடுக்காமல் விடலாம், ஒரு முறை எடுக்கலாம், இரு முறை எடுக்கலாம்: மூன்று வழி. மற்ற ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி. 2 × 3 × 2 × 2 = 24 காரணிகள். அவற்றின் கூட்டுத்தொகை 6 × 57 × 32 × 80 = 875520. 6 என்பது 1 + 5, 32 என்பது 1 + 31, 80 என்பது 1 + 79. நடுவில் உள்ள 57 என்பது 1 + 7 + 49. அந்த 49-ஐ விட்டுவிட்டால் விடை முழுக்கத் தவறிவிடும்.

24 என்பது அதிகமா? 554400-க்கு 216 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. இப்படிப்பட்ட எண்களைப் பற்றித்தான் ராமானுஜனின் 1915-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை. அந்த அழகை 600005-இல் தேட முடியாது.

600005-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதவும் முடியாது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகா எண்கள் இரட்டைப்படை அடுக்கில் வந்தால்தான் அது நடக்கும். இரு முறை வருவதால் 7 தப்பிக்கிறது, ஒரே முறை வரும் 31-உம் 79-உம் தடுத்துவிடுகின்றன.

எக்செலில் செய்வதானால் 15 இலக்கம் வரைதான் நம்பலாம். 16-ஆவது இலக்கம் பூஜ்யமாகிவிடும். பைத்தானில் முழு எண்களுக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் வகுக்கும்போது / போட்டால் தசமமாகி, மிகப் பெரிய எண்களில் கடைசி இலக்கங்கள் கெட்டுவிடும். // போடுங்கள், மீதிக்கு %.