கத்தியை எடுக்கும் முன் மரத்தின் அடியைப் பாருங்கள்

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், அணைக்கட்டு ஆகிய ஊர்கள் பக்கம் மரம் கழிக்கக் குத்தகை எடுப்பவர்களின் கைத்திறனை யாரும் குறை சொல்ல முடியாது. வீட்டு ஓடு ஒன்றுகூட உடையாமல் பெரிய கிளையைக் கயிற்றில் இறக்கிவிடுவார்கள். பூச்சி, நோய் என்று வரும்போதுதான் கண்ணுக்கு முன்னால் கை போய்விடுகிறது. பயிற்சிக்கு வரும் புதியவர்களைத் தென்னந்தோப்புக்கு அழைத்துப்போய், தண்டில் வழிந்து காய்ந்திருக்கும் பழுப்புச் சாற்றைக் காட்டி "என்ன இது?" என்று கேட்பேன். ஒரே குரலில் "வண்டு" என்பார்கள். பல நேரம் அது வண்டாக இருப்பதில்லை.

தென்னந்தண்டில் சாறு வடிவதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள் உண்டு. சிவப்புக் கூன்வண்டு என்றால் துளை இருக்கும்; துளையின் வாயில் மென்று துப்பியதுபோல் நார் தள்ளிக்கொண்டிருக்கும். தண்டில் காதை வைத்தால் உள்ளே புழு கடிக்கும் சத்தம் கேட்கும். துளையே இல்லாமல், தரையை ஒட்டிய அடித்தண்டில் சாறு தொடங்கி நாளடைவில் மேலே ஏறினால் அது அடித்தண்டழுகல். 1952-இல் தஞ்சாவூர்ப் பக்கம் தெரியவந்ததால் தஞ்சாவூர் வாடல் என்றும் சொல்வார்கள். பெயரில் ஊர் இருந்தாலும் அந்த ஊரோடு நின்றுவிடும் நோய் இல்லை. கோடையில் காய்ந்துபோகும் மணற்பாங்கான நிலம் எங்கிருந்தாலும் அதற்குப் பிடிக்கும். மூன்றாவது, தண்டின் நீளவாக்கு வெடிப்புகளிலிருந்து செம்பழுப்பாக வடிந்து கறுப்பாகக் காயும் சாறு வடிதல் நோய். இதற்கு அழுகிய பகுதியை உளியால் நல்ல திசு தெரியும்வரை செதுக்கி எடுத்துவிட்டு, போர்டோ பசை (மயில்துத்தம் என்னும் தாமிர உப்பும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு) பூச வேண்டும்.

இந்த மூன்றுக்கும் ஒரே பூச்சிமருந்தை ஊற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அடித்தண்டழுகலுக்குக் காரணம் மண்ணில் இருக்கும் பூஞ்சணம். பூச்சிமருந்து அதை ஒன்றும் செய்யாது. மரம் ஒன்றுக்கு வேப்பம் புண்ணாக்கு 5 கிலோவும் நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடி 200 கிராமும் மக்கிய எருவோடு கலந்து ஆண்டுதோறும் வேர்ப்பகுதியில் இடுவது நல்லது. இதிலும் ஒரு கோளாறு நடக்கிறது. காலையில் டிரைக்கோடெர்மாவை இட்டு, மாலையில் அதே பாத்தியில் போர்டோ கலவையை ஊற்றிவிடுகிறார்கள். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சணம்தான். தாமிரம் அதையும் கொன்றுவிடும். நோய் கண்ட மரத்தின் பாத்தியிலிருந்து அடுத்த மரத்துக்குத் தண்ணீர் ஓட விடுவதும் வேண்டாம். அந்த மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டித் தனிப்படுத்துங்கள்.

இனி, என் கையாலேயே கெடுத்த கதை. அணைக்கட்டுப் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம். தோப்பு 'சுத்தமாக' இருக்க வேண்டும் என்றார்கள். பச்சை மட்டைகளைத் தண்டோடு ஒட்ட வெட்டி, மரங்களைத் தூண்போல ஆக்கிக் கொடுத்தோம். எல்லோரும் பாராட்டினார்கள். சில மாதம் கழித்து இரண்டு மரங்களின் நடுக்குருத்து வாடிச் சாய்ந்துவிட்டது. பிளந்து பார்த்தால் உள்ளே கூன்வண்டின் புழுக்கள். பச்சை வெட்டின் வாசனை கூன்வண்டுக்கு அழைப்பிதழ் மாதிரி. பச்சை மட்டையை வெட்டாமல் இருப்பதே மேல். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கும்தான். ஏறுவதற்காகத் தண்டில் படி கொத்துவதும் இதே வகைக் கேடு. காண்டாமிருக வண்டு குருத்தில் போடும் துளையும் கூன்வண்டுக்கு வாசலாகும் என்பதால், தோப்பு ஓரத்து எருக்குழியைக் கிளறிப் பார்த்து அதன் புழுக்களைப் பொறுக்கிக் கொல்லுங்கள்.

வேம்பில் வேறு விதமான அவசரம். மழைக்காலம் முடிவதற்குள் கொழுந்துகள் கருகி, மரமே தீயில் வாட்டியதுபோல் நின்றால், "பட்டுப்போச்சு, வெட்டிடுங்க" என்று வீட்டுக்காரரே சொல்வார். நகத்தால் சின்னக் கிளையின் பட்டையைக் கீறிப் பாருங்கள். அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் மரத்துக்கு உயிர் இருக்கிறது. தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சியும் நுனிக்கருகல் பூஞ்சணமும் செய்கிற வேலை இது. கோடை தொடங்கியதும் பல மரங்கள் மறுபடி துளிர்க்கும். கருகிய நுனிகளை மட்டும் கழித்து எரித்தால் போதும். வேலை குறைகிறது, கூலியும் குறைகிறது என்பதால் இந்த உண்மையைச் சொல்ல மனம் வராதவர்களும் உண்டு.

சுருள் வெள்ளை ஈ 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டதிலிருந்து, தென்னையில் வெள்ளையைப் பார்த்தாலே கடும் மருந்தைத் தெளிக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஓலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைக் கூட்டுப்புழுக்களுக்கு நடுவே கறுத்தவை தெரிந்தால், என்கார்சியா என்னும் குட்டிக் குளவி உங்களுக்காக வேலை செய்துகொண்டிருக்கிறது. மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான். ஓலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதும், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள்களைக் கட்டுவதும் போதுமானவை. ஓலையில் படியும் கரும்பூஞ்சணத்தை லிட்டருக்கு 25 கிராம் மைதாக் கஞ்சி தெளித்தால் உரித்தெடுத்துவிடலாம். புங்க இலையில் வரும் பருக்களுக்கோ எதுவுமே வேண்டாம். சிலந்திப்பேன் செய்வது அது, மரத்துக்கு ஆபத்தில்லை.

வெட்டுக்காயத்தில் பூசும் போர்டோ பசையைப் பாதிப் பேர் தப்பாகவே கரைக்கிறார்கள். மயில்துத்தம் 1 கிலோ, நீற்றிய சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இரண்டையும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு வாளி ஆகாது. பளபளப்பான இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் அமிழ்த்தி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். நேற்றுக் கரைத்தது இன்றைக்கு உதவாது.

சந்தேகமான மரத்தின் மாதிரியை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால், முழுக்கக் காய்ந்த இலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பச்சையும் கருகலும் சந்திக்கும் இடத்தில் ஒரு சாண் நீளம் வெட்டி, பாலிதீன் பையில் புழுங்கவிடாமல் செய்தித்தாளில் சுற்றி, அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.