பழைய வேட்டியில் ஒரு பை, பழைய சேலையில் ஒரு தலையணை உறை

தையல் பழகத் தொடங்கியதும் பலர் நேராக ரவிக்கையில் கை வைக்கிறார்கள். இல்லையென்றால் ஒட்டுத்துணிப் போர்வை. முதல் மாதத்தில் இரண்டுமே வேண்டாம் என்பேன். ரவிக்கையின் கைக்குழியும் கழுத்து வளைவும் புதியவரை மிரட்டிவிடும். போர்வை நூற்றுக்கணக்கான சதுரங்களைக் கேட்கும். எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஆசை ஆசையாக வெட்டிவைத்த துண்டுகள் இரண்டு வருடமாகத் தகர டப்பாவில் கிடக்கின்றன. மாலைக் காபிக்குப் பிறகு உட்கார்ந்தால் இரவுச் சமையலுக்குள் முடிகிற வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். தைத்த பொருள் மறுநாளே வீட்டில் புழங்க வேண்டும். அந்தச் சந்தோஷம்தான் மறுபடியும் மிஷின் முன்னால் உட்கார வைக்கும்.

துணிக்குக் காசு செலவழிக்காதீர்கள். பீரோவின் அடித்தட்டில் இருக்கும் பருத்திச் சேலையும் வேட்டியும் போதும். பல வருடம் துவைத்த துணி இனிச் சுருங்காது, சாயம் போகாது, ஊசிக்கு இதமாக இருக்கும். ஆனால் வெட்டுவதற்கு முன் வெயிலுக்கு எதிரே விரித்துப் பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் சல்லடை போல வெளிச்சத்தை விடும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு ஒதுக்கிவிடுங்கள். சேலையில் குதிகால் உரசுகிற கீழ்க்கரைப் பக்கம்தான் முதலில் நைகிறது. முந்தானையும் இடுப்பில் செருகும் உள்முனையும் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும்.

வாங்க வேண்டியவை நூல்கண்டும் 14 ஆம் எண் ஊசியும்தான். சாதாரணப் பருத்திக்கு இந்த ஊசி சரி. ஜீன்ஸ் போன்ற கனத்த துணிக்கு 16. நான் தைப்பது அம்மாவின் கால் மிஷினில். ஆரம்பத்தில் துணியின் அடிப்பக்கம் நூல் சுருள் சுருளாக வந்தபோது அடிநூல் இருக்கும் பாபின் கேஸின் திருகைத்தான் திருகிக்கொண்டிருந்தேன். கோளாறு மேல்நூலில் இருந்தது. அடியில் சுருள் விழுந்தால் மேல்நூலை முழுவதும் உருவிவிட்டு, துணியை அமுக்கும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி கோத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

முதல் வேலையாகத் தலையணை உறை தையுங்கள். முழுக்க நேர்த்தையல், ஜிப் வேண்டாம், பொத்தான் வேண்டாம். 17க்கு 27 அங்குலத் தலையணைக்கு 19 அங்குல அகலம், 63 அங்குல நீளம் உள்ள ஒரே துண்டு போதும். அகலத்தில் இரண்டு பக்கமும் அரை அங்குலம் தையலுக்கு, மீதி ஓர் அங்குலம் தலையணையின் தடிப்புக்கு. நீளத்தின் இரண்டு முனைகளிலும் ஓர் அங்குலத்தைக் கெட்ட பக்கமாக, அதாவது உள்ளே போகும் பக்கமாக, மடித்துத் தைத்தால் 61 அங்குலம் நிற்கும். துணியின் நல்ல பக்கம் மேலே தெரியும்படி தரையில் விரியுங்கள். இடது முனையைத் தூக்கி 27 அங்குலத்துக்கு மடித்துப் போடுங்கள். வலது பக்கம் 7 அங்குலம் மிஞ்சும். அதை அந்த மடிப்பின் மேலேயே திருப்பிப் போடுங்கள். மேலும் கீழுமாக இரண்டு பக்கமும் தைத்துத் திருப்பினால் அந்த 7 அங்குலம் உள்ளே போய்த் தலையணையின் வாயை மூடிக்கொள்ளும். மடிக்கும் வரிசை மாறினால் மூடி வெளியே வந்துவிடும். அதனால் முதல் முறை ஒரு செய்தித்தாளை நீளவாக்கில் வெட்டி மடித்துப் பாருங்கள். ஐந்தரை மீட்டர் சேலையில் நைந்த இடம் போக எனக்கு நான்கு உறைகள் கிடைத்தன. சேலையின் முந்தானையை உறையின் வாய்ப்பக்கம் வருமாறு வெட்டினால் பார்க்க அத்தனை அழகு.

அடுத்தது பை. இதைத்தான் நான் மிகவும் விரும்பித் தைக்கிறேன். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை; 2021 இல் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியது. கல்யாண வீட்டில் தேங்காயும் வெற்றிலையும் போட்டுத் தருவார்களே, அந்தப் பைதான். அப்பா இறந்த பிறகு அவருடைய வேட்டிகளை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தேன். அவற்றில் இப்போது ஆறு பைகள் இருக்கின்றன. காய் வாங்கப் போகும்போது அந்தப் பச்சைக் கரை கையில் படுகிறது.

வேட்டித் துணி மெல்லியது என்பதால் இரட்டையாகப் போடுங்கள். 16க்கு 40 அங்குலத்தில் இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரத்தை ஓட்டுத்தையலால் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் மடித்தால் அடியில் தையலே இல்லாத பை; பாரம் தாங்கும். பக்கத் தையலை இரண்டு முறை போட வேண்டும். முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி கால் அங்குலத்தில் தைத்து, பிசிறுகளை வெட்டி, பையை உள்வெளியாகத் திருப்பி அதே ஓரத்தை அரை அங்குலத்தில் மறுபடி தையுங்கள். பிசிறெல்லாம் உள்ளே அடைபட்டுவிடும், ஓரம் பிரியாமல் இருக்கப் போடும் ஓவர்லாக் தையல் தேவையில்லை. வாய்ப்பக்கத்தை அரை அங்குலம், பிறகு ஒன்றரை அங்குலம் என்று மடித்துத் தையுங்கள்.

அடிப்பக்கம் தட்டையாக நிற்கச் சின்ன வேலை ஒன்று உண்டு. பை உள்வெளியாக இருக்கும்போது கீழ் மூலையைப் பிரித்து, பக்கத் தையல் அடி மடிப்பின் மேல் நேராக வருமாறு அமுக்குங்கள். மூலை ஒரு முக்கோணமாகும். நுனியிலிருந்து 2 அங்குலம் அளந்து குறுக்கே கோடு போட்டால் அந்தக் கோடு 4 அங்குலம் வரும். அதன்மேல் தையுங்கள். மற்ற மூலையும் அப்படியே. திருப்பிப் பார்த்தால் 4 அங்குல அகலத்தில் அடித்தளம் கிடைத்திருக்கும். ஐந்து கிலோ அரிசியை வைத்தாலும் சாயாது.

பை எப்போதும் காதில், அதாவது கைப்பிடியில்தான் கிழியும். 4 அங்குல அகலம், 24 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, நான்காக மடித்து ஓர் அங்குலப் பட்டையாக்கி, நீளவாக்கில் இரண்டு வரி ஓட்டுங்கள். பையின் வாய் மடிப்பின்மேல், பக்கத்திலிருந்து 4 அங்குலம் தள்ளி வைத்து, முதலில் சதுரமாகவும் பிறகு அந்தச் சதுரத்துக்குள் பெருக்கல் குறியாகவும் தையுங்கள். நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக, மூலைக்கு மூலை ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்தபடி திருப்ப வேண்டும்.

மீந்த துண்டுகளில் சுருக்குப் பை. பாட்டி இடுப்பில் செருகியிருந்த அதே பைதான். இப்போது என் மகள் காது ஜிமிக்கிகளைப் போட்டு வைத்திருக்கிறாள். 7க்கு 18 அங்குலத் துண்டை இரண்டாக மடித்து, மேலே 2 அங்குலம் விட்டுவிட்டுப் பக்கங்களைத் தையுங்கள். விட்ட இடத்தின் ஓரங்களை மடித்துத் தைத்து, வாயை முக்கால் அங்குலக் குழலாக மடித்து ஓட்டுங்கள். இருபது அங்குல நாடா இரண்டு வேண்டும். ஊக்கில் மாட்டி ஒன்றை இடப்பக்கம் நுழைத்து முழுச் சுற்றும் வந்து இடப்பக்கமே எடுங்கள், மற்றதை வலப்பக்கம். இரண்டையும் எதிரெதிராக இழுத்தால்தான் வாய் முழுவதும் சுருங்கும்.

பழைய ஜீன்ஸை இரண்டு அடுக்காகவும் நடுவில் பழைய பூத்துவாலையையும் வைத்தால் அடுப்படிக்குப் பிடிதுணி ஆயிற்று. பருத்தி மட்டும் போடுங்கள். பாலியெஸ்டர் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.

வீட்டில் குழந்தை பிறந்திருந்தால் மிக மெல்லிய பழைய சேலையில் ஜபலா தையுங்கள். தையல் மடிப்பு வெளிப்பக்கமாக இருக்கட்டும், பச்சைக் குழந்தையின் தோலில் உரசக் கூடாது. முதுகில் கட்டும் நாடா 5 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நீளமாக இருந்தால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். கடையில் விற்கும் நைலான் நாடாவை விட்டுவிட்டு, அதே சேலையிலேயே கால் அங்குலத்தில் மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள்.