மலைக்கிராமத்தில் ஒரு மாலையும் ஒரு காலையும்: வார இறுதிப் படப் பயணத்துக்கான வழிகாட்டி

சனிக்கிழமை நண்பகலில் மலைக்கிராமத்தை அடைந்து ஞாயிறு பிற்பகலில் இறங்கிவிடும் ஒருவருக்கு, படம் எடுக்கத் தகுந்த நல்ல ஒளி ஒரு மாலையிலும் ஒரு காலையிலும் மட்டுமே கிடைக்கும். ஆகவே பார்க்க வேண்டிய இடங்களின் நீண்ட பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு செல்வதைவிட, மாலைக்கு ஓர் இடம், காலைக்கு ஓர் இடம் என்று இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றிலேயே பொறுமையாக நிற்பது மேல் என்பது என் உறுதியான கருத்து.

அந்த இரண்டு இடங்களைக் கண்டுபிடிக்கச் சனிக்கிழமை பிற்பகலைச் செலவிடுங்கள். கிராமத்தைச் சுற்றி நடக்கும்போது திசைகாட்டியை வைத்துக்கொண்டு, சூரியன் எந்த முகட்டுக்குப் பின்னால் மறையும், மறுநாள் எந்த முகட்டின் மேல் தோன்றும் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பஞ்சாங்கமோ கைபேசியோ சொல்லும் உதய நேரம் தடையில்லாத தொடுவானத்துக்கு உரியது. பள்ளத்தாக்கில் உதயத்தைத் தீர்மானிப்பது எதிரே நிற்கும் மலைதான். இதைக் கணக்கிட எளிய வழி உண்டு. கையை முழுவதும் நீட்டி விரல்களை முட்டியாக மடக்கிப் பிடித்தால், அந்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. வானத்தில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், ஒரு முட்டி உயரமுள்ள முகடு வெயிலைக் குறைந்தது 40 நிமிடம் தாமதப்படுத்தும்; நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய ஊர்களில் சூரியன் சாய்வாக எழுவதால் தாமதம் இன்னும் கூடும். இந்தக் கணக்கை அறியாத காலத்தில், இருட்டில் ஏறிச் சென்று ஒரு மணி நேரத்துக்கு மேல் நிழலிலேயே காத்திருந்திருக்கிறேன்.

மாலையில் இதே கணக்கு தலைகீழாக நடக்கிறது. மேற்கு முகடு கிராமத்தை முன்கூட்டியே நிழலில் ஆழ்த்திவிடும். கிழக்குச் சிகரங்களோ மேற்கைப் பார்த்து நிற்பதால் செம்பொன்னாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். ஒளிரும் சிகரத்தையும் நிழலில் கிடக்கும் வீடுகளையும் ஒரே படத்தில் அடக்க முயன்றால், சிகரம் வெளுத்துப்போகும் அல்லது வீடுகள் கருத்துப்போகும். அந்த நேரத்தில் சிகரத்தை மட்டும், தொலைவை நெருக்கிக் காட்டும் நீண்ட குவியத் தூர லென்ஸால் எடுத்துவிட்டு, வீடுகளுக்காகக் காத்திருங்கள். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே சுமார் 4 முதல் 6 பாகை வரை இறங்கியிருக்கும் நீல நேரத்தில், வானத்தின் ஒளியும் சன்னல் விளக்குகளின் ஒளியும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்து நிற்கும். கிராமத்தின் முழுக் காட்சிக்கு இதைவிடச் சிறந்த பொழுதை நான் கண்டதில்லை. அது நீடிப்பது சில நிமிடங்களே என்பதால், முக்காலியை முன்னதாகவே நிறுத்தி, லென்ஸின் ஒளித்துளையை எஃப்/8 அல்லது எஃப்/11 அளவில் வைத்து, குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறனில்), இரண்டு விநாடி டைமரை வைத்து எடுக்க வேண்டும்.

இரவு வானம் தெளிந்து காற்று அடங்கியிருந்தால், அதிகாலையில் மூடுபனியை எதிர்பார்க்கலாம். அத்தகைய இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடுகிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளின் வழியே வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதிலுள்ள ஈரம் பனியாகத் திரள்கிறது. எனவே காலைக்குரிய இடம் கிராமத்துக்கு மேலே, பனியின் மேற்பரப்பைக் குனிந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். கேமராவின் ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதுவதால், வெண்ணிற மூடுபனி மங்கிய சாம்பலாகப் பதிவாகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு படி கூட்டி, ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சூரியனுக்கு எதிர்முகமாகவோ பக்கவாட்டிலோ நின்று 70 முதல் 200 மிமீ வரையிலான லென்ஸால் பார்த்தால், ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிச் செல்லும் மலை வரிசைகள் அடுக்கடுக்காக நெருங்கி வரும். அகன்ற கோண லென்ஸோ அதே மலைகளைச் சிறு மேடுகளாகச் சுருக்கிவிடும். ஆகவே ஒரே லென்ஸ்தான் கொண்டுசெல்ல முடியும் என்றால் நீண்டதையே பரிந்துரைப்பேன்.

நடுப்பகல் ஒளி மலைக்காட்சிக்கு ஒத்துவராவிட்டாலும், தாழ்வார நிழலில் அமர்ந்திருப்பவரின் முகத்துக்கு மிகவும் நல்லது. முதலில் பேசுங்கள், அனுமதி கேளுங்கள், மறுத்தால் கேமராவைத் தாழ்த்திவிடுங்கள். படத்தை அனுப்புவதாக வாக்களித்தால், ஊர் திரும்பிய அதே வாரத்தில் அனுப்பிவிட வேண்டும். அடுத்து வருபவரை அந்த வீடு எப்படி வரவேற்கும் என்பது அதைப் பொறுத்தது.

உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. குளிரில் லித்தியம் பேட்டரி விரைவில் சோர்வதால், மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உட்பையில் உடல் சூட்டோடு வைத்திருங்கள். குளிரிலிருந்து கதகதப்பான அறைக்குத் திரும்பும்போது, கேமராவைப் பையோடு மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டுவைத்தால் லென்ஸில் நீர் படியாது. மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே எடுத்துவிடுங்கள்.

இறங்குமுன், நின்ற இடத்தையும், முகட்டின் எந்தப் புள்ளியில் எத்தனை மணிக்கு முதல் கதிர் தெரிந்தது என்பதையும் தேதியுடன் எழுதிக்கொள்ளுங்கள். உதயப் புள்ளி ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையில், நிலநடுக்கோட்டிலேயே ஏறத்தாழ 47 பாகை இடம்பெயர்கிறது. இப்போது நிழலில் கிடந்த பள்ளம் வேறொரு மாதத்தில் முதல் வெயிலைப் பெறக்கூடும். அடுத்த பயணத்துக்குரிய மாதத்தை அந்தக் குறிப்பைக் கொண்டே தேர்ந்தெடுக்கலாம்.